முன் பிரேக்கைத் தொடாதே

கண்டியில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் ஒரு கடையின் கவுன்டருக்குப் பின்னால் என் பாதி வாழ்க்கை போய்விட்டது. டயர், டியூப், பிரேக் கேபிள், செயின், பல்ப். யாராவது டயர் கேட்டு வந்தால் நான் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டேன். எந்தப் பக்கம் ஓடுகிறீர்கள், பின்னால் யார் உட்காருவார்கள், என்ன பாரம் ஏற்றுவீர்கள் என்று டாக்டர் மாதிரி விசாரிப்பேன். முதலாளிக்கு இது எரிச்சல். வருகிறவர்களுக்குப் பிடிக்கும். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று வேறு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன். அங்கேதான் கெட்டது.

எங்கள் ஊர்க்காரர்கள் டயர் வாங்கும்போது கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு நாள் உழைக்கும்? நான் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திக் காட்டுவேன். நகம் பதியாவிட்டால் கெட்டியான ரப்பர், சீக்கிரம் தேயாது. நகம் பதிந்தால் மெதுவான ரப்பர், ஈரத் தார் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். இரண்டையும் சொல்லிவிட்டு, கெட்டியானதைத்தான் எடுத்துக் கையில் வைப்பேன். மழையும் வளைவும் இறக்கமும் உள்ள ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு விற்பனை. யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. விழுந்தவர்கள் ரோட்டைத் திட்டினார்கள், மழையைத் திட்டினார்கள், பஸ்காரனைத் திட்டினார்கள். டயர் விற்றவனைத் திட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்த கையோடு என் மனைவி ஒரு வேலையைத் தொடங்கினாள். வீட்டில் சமைத்து, டவுனில் உள்ள கடைகளுக்கும் ஒப்பீஸ்களுக்கும் பகல் சோற்றுப் பார்சல் கொடுப்பது. முதலில் த்ரீவீலில் கொண்டுபோனாள். எங்கள் வீடு டவுனுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. த்ரீவீல்காரர் மழை என்றால் வரமாட்டார், கல்யாணம் என்றால் வரமாட்டார், சில நாள் காரணம் இல்லாமலும் வரமாட்டார். பார்சல் பிந்தினால் சாப்பிடக் காத்திருக்கிறவர்கள் அடுத்த நாள் வேறு இடத்தில் சொல்லிவிடுவார்கள். அதனால் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினோம். ஓட்டப் பழக்குகிற வேலை எனக்கு வந்தது.

எனக்கு முன் பிரேக் என்றால் பயம். கடுகண்ணாவையில் இளந்தாரியாகத் திரிந்த காலத்தில், வளைவொன்றில் மணல் கிடந்ததைப் பார்க்காமல் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, பைக்குக்கு முன்னால் நான் போய் விழுந்தேன். அன்றிலிருந்து பின் பிரேக் மட்டும்தான். கூட்டாளிகளுக்கும் அதையே சொன்னேன். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழும் என்பது எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வேதவாக்கு. நிறுத்துகிற பலத்தில் பெரும் பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து மெதுவாக அழுத்தப் பழகவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. பிரேக் சாமான் விற்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் தெரிந்ததைவிட விழுந்ததுதான் மனதில் நின்றது.

ஆற்றோரத்து மைதானம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவளுக்குப் பழக்கினேன். ஸ்கூட்டரில் இடது கையில் பின் பிரேக், வலது கையில் முன் பிரேக். வலது கைப் பக்கம் போகவே கூடாது என்று சொன்னேன். அவள் பதற்றத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். நான் கத்தினேன். மறுபடியும் பிடித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? நட்டுக் கழற்றும் சாவியை எடுத்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரேக் நட்டைக் கழற்றாத குறையாகத் தளர்த்திவிட்டேன். அதற்குப் பிறகு வலது லீவரை அடிவரை இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. இனிப் பயமில்லை, ஓட்டு என்றேன். பெரிய மூளைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

லைசன் எடுக்கப் போகிற நாளில் நட்டை இறுக்கினேன். எடுத்து வந்ததும் மறுபடி தளர்த்தினேன். கொஞ்சம் கை பழகட்டும், பிறகு சரிசெய்யலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. வண்டியை சேவிஸ் செய்ததும் நான்தான், ஒயில் மாற்றியதும் நான்தான். டயர் தேய்ந்ததும், நிறைய ஓட வேண்டிய வண்டி என்று எங்கள் கடையிலிருந்தே நகம் பதியாத டயர் இரண்டு கொண்டுவந்து போட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. டயர் விஷயத்தில் என்னிடம் யார் கேள்வி கேட்பார்கள்.

அவள் தனியாக ஓடுவாள். எனக்கு என் பைக் இருந்தது. எப்போதாவது அவசரத்துக்குத்தான் அவள் பின்னால் ஏறினேன். ஏறினாலும் சும்மா இருக்கமாட்டேன். ஹோர்ன் அடி, மெதுவாகப் போ, அந்த பஸ்ஸை விடு என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். ஒருமுறை டவுனில் சிக்னல் கிட்ட அவள் வலது கை லீவர் பக்கம் போவதைப் பார்த்து, அந்தக் கையிலேயே ஒரு தட்டுத் தட்டினேன். பக்கத்தில் நின்ற வேனில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சிக்னல் விழுந்ததும் அவள் வண்டியை எடுத்தாள். நான் அதை மறந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை தெல்தெனியவில் அவளுடைய அக்கா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். என் பைக் கராஜில் கிடந்தது. ஸ்கூட்டரை நான் ஓட்டுகிறேன் என்றேன். என் வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அங்கே போய் இறங்கியதும் அவளுடைய அண்ணன், பொண்டாட்டி ஓட்ட நீங்கள் பின்னால் வருகிறீர்களா மச்சான் என்று கேலி செய்தார். நானும் சிரித்துக்கொண்டே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மழை விட்டு விட்டுப் பெய்தது. என் ஒரு கையில் அக்கா கொடுத்த பலகாரப் பை, மற்றக் கை அவள் தோளில். இறக்கம் ஒன்றில் முன்னால் போன பஸ், ஆள் கைகாட்டியதும் வழக்கம்போல நடு ரோட்டிலேயே நின்றது. எங்களுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் இடம் இருந்தது. நிறையவே இருந்தது. நான் அவள் தோளில் அடித்து, பின் பிரேக், பின் பிரேக் என்று கத்தினேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தது. அந்தக் கெட்டி டயர் ஈரத் தாரில் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. வண்டி வலது பக்கம் சாய்ந்து, நாங்கள் இருவரும் ரோட்டில் கிடந்தோம். பலகாரப் பை பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டது.

எனக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. அவள் கையை ஊன்றி விழுந்திருந்தாள். ஹெல்மட் இருந்ததால் தலைக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு மட்டும் பார்க்க முடியாதபடி திரும்பியிருந்தது. ரோட்டோரத் தேத்தண்ணீர்க் கடையிலிருந்து ஒரு சிங்கள அம்மா ஓடிவந்து, அனே அனே என்று பதறிக்கொண்டே அவளைக் கதிரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வண்டியைக் கடைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க என் மனைவி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வலியில் இருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு வேறு யோசனை. தளர்த்திவிட்ட அந்த நட்டு மட்டும்தான் என் கண்ணுக்குள் இருந்தது. அது சரியாக இருந்திருந்தால், அவள் இரண்டு பிரேக்கையும் பிடித்திருந்தால், நின்றிருக்கலாம்.

மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். அதற்குள் அவளுடைய அக்கா வீட்டார் எல்லாரும் வந்துவிட்டார்கள். பொம்பளைக்கு எதற்கு ஸ்கூட்டர் என்று அண்ணன் ஆரம்பித்தார். சோறு சமைத்துக் கொடுக்கிறதென்றால் வீட்டோடு கொடுக்கவேண்டியதுதானே, இந்த மலை ரோட்டில் பொம்பளைக்கு பிரேக் பிடிக்கத் தெரியுமா, முதலில் அந்த வண்டியை விற்றுத் தள்ளுங்கள் என்றார். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். என் மனைவி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். பிரேக்கைக் கெடுத்தவன் நான் என்று சொல்லியிருக்கவேண்டும். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டவில்லை. பார்க்கலாம் என்பது மாதிரி ஆட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணன் நாளைக்குத் தானே போய் ஸ்கூட்டரை எடுத்து வருவதாகச் சொன்னார். அவருக்கு வண்டி வேலை கொஞ்சம் தெரியும். முன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாரென்றால் என் கதை கந்தலாகிவிடும். உங்களுக்கு எதற்குச் சிரமம் மச்சான், நானே போகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். எவ்வளவு பொறுப்பான மனிதன் என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் தெல்தெனிய பஸ் ஏறினேன். காற்சட்டைப் பையில் நட்டுச் சாவி ஒன்று. போகிற வழியெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டு போனேன். நட்டை இறுக்குவது, கையில் படிந்த மண்ணைத் துடைப்பது, ரோட்டில் எண்ணெய் கிடந்தது என்று ஒரு கதை சொல்வது. மனைவி அடிபட்டு வீட்டில் படுத்திருக்கிறாள், புருஷன் தடயத்தை அழிக்கப் பஸ்ஸில் போகிறான். இதுதான் நான்.

தேத்தண்ணீர்க் கடை அம்மா, மனைவிக்கு எப்படி என்று கேட்டார். சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போனேன். ஸ்கூட்டரின் வலது பக்கம் உரசியிருந்தது, கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, சாவியை நட்டில் வைத்தேன். அது ஏற்கெனவே இறுகியிருந்தது. எழுந்து வலது லீவரைப் பிடித்தேன். கொஞ்சம் இழுத்ததுமே கடினமாக நின்றது. வண்டியைத் தள்ளிப் பார்த்துப் பிடித்தேன். அந்த இடத்திலேயே நின்றது. எத்தனை தரம் பார்த்தாலும் நின்றது. முன் பிரேக் என் சொந்த பைக்கில் இருப்பதைவிட நன்றாக இருந்தது.

எனக்கு வந்த முதல் நினைப்பை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. பிரேக் இருந்திருக்கிறது, பிடிக்காதது அவள் குற்றம், என் குற்றமில்லை. தேத்தண்ணீர் குடித்தேன், வடை தின்றேன், அந்த அம்மாவோடு அரட்டை அடித்தேன். திரும்பி ஓட்டி வரும்போது ஒவ்வொரு இறக்கத்திலும் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கல் டயரில்கூட வண்டி நேராக நின்றது. டவுன் வந்து சேர்வதற்குள் சந்தோஷம் கோபமாக மாறிவிட்டது. இவ்வளவு நல்ல பிரேக்கை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி இப்படியா விழுவாள்?

வீட்டில் அவள் அடுப்படிக் கதவோரம் கதிரையில் உட்கார்ந்து, இடது கையால் வெங்காயம் உரிக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் ஸ்கூட்டர் சாவியை மேசையில் போட்டேன்.

“முன் பிரேக் நல்லாத்தானே இருக்கு. ஏன் பிடிக்கல?” என்று கேட்டேன். பொலிஸ்காரன் கேட்பது மாதிரித்தான் கேட்டேன்.

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க பின்னால இருந்தீங்களே” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். பார்சல் கொண்டுபோகத் தொடங்கிய புதிதில், ஸ்கூல் விடுகிற நேரத்தில் ஒரு பிள்ளை ரோட்டுக்கு ஓடி வந்திருக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடித்து, வண்டி அந்தப் பிள்ளைக்குக் கிட்டப் போய்த்தான் நின்றிருக்கிறது. அன்றைக்கே ஒரு கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே முன் பிரேக்கைச் சரிசெய்து, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அப்படித்தான் ஓடுகிறாள். மழையோ வெயிலோ ஒரு நாளும் விழுந்ததில்லை. நான் சேவிஸ் செய்கிற, டயர் மாற்றுகிற நாளில் மட்டும், எனக்குத் தெரியக்கூடாதென்று காலையிலேயே நட்டைத் தளர்த்தி வைத்துவிட்டு, பிறகு இறுக்கிக்கொள்வாளாம்.

“நீங்க ஏறினா மட்டும் வலது கை விரலை நேரா நீட்டி வச்சுக்குவேன். நீங்க எட்டிப் பாப்பீங்கல்ல. ரோட்டுல வச்சு மறுபடி கையில அடிப்பீங்கன்னு பயம். நேத்து அந்த பஸ் நின்னப்ப எனக்கு என்ன செய்யணும்னு தெரியும். நீங்க கத்தினீங்க. விரல் மடங்கல.”

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். எனக்கு நட்டு தளர்ந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. அது ஒரு நாள் செய்த முட்டாள்தனம், சாவியால் சரியாகிவிடும். இது அப்படியில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருத்தி, நான் பக்கத்தில் இருந்த ஒரே காரணத்தால், தெரியாதவள் மாதிரி ஓட்டியிருக்கிறாள். இத்தனை காலம் என் வீட்டுக்குள்ளேயே என்னிடமிருந்து ஒரு பிரேக்கை ஒளித்து வைத்திருக்கிறாள்.

அடுத்த வாரம் அண்ணன் ஸ்கூட்டருக்கு ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் விற்பதில்லை என்றேன். பிழை அவளுடையது இல்லை, என்னுடையது. கத்தியதும் நான், பழக்கியதும் நான், டயர் போட்டதும் நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக்கைத் தளர்த்தியதையும் சொன்னேன். அண்ணன் என் தோளைத் தட்டினார். பெண்சாதியை விட்டுக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற புருஷன் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள் என்றார். நான் எவ்வளவு சொன்னாலும் அவர் நம்பவில்லை. போய் அக்காவிடமும் அதையே சொல்லியிருக்கிறார். இப்போது அந்தப் பக்கத்தில் எனக்கு நல்ல பெயர்.

டயர் இரண்டையும் மாற்றினேன். நகம் பதிகிற ரப்பர். சீக்கிரம் தேயும், தேயட்டும். கடையிலும் மெதுவான டயரையே முதலில் எடுத்துக் காட்டுகிறேன். கடை அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பழைய ஆட்கள் சிரிக்கிறார்கள். முன் பிரேக் கேபிள் வாங்க வருகிறவர்களிடம் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள் என்று சொல்லப் போனால் வாய் பாதியில் நின்றுவிடுகிறது. எனக்கு அந்த அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை.

மாவுக்கட்டு அவிழ்த்து, கை பழையபடி மடங்க நாளெடுத்தது. பார்சல் வேலை நின்று, வாடிக்கையில் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஒரு நாள் அவளாகவே ஸ்கூட்டரை எடுத்து, வீட்டுக்கு முன்னால் மேலும் கீழும் ஓட்டினாள். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் இரண்டு ஹெல்மட்டையும் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நீயே ஓட்டு, நான் பின்னால் வாயே திறக்கமாட்டேன், உன் கையைப் பார்க்கவும் மாட்டேன் என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவள் தன் ஹெல்மட்டை மட்டும் வாங்கிப் போட்டு, பட்டியை மாட்டிக்கொண்டாள்.

“வேணாங்க. நீங்க ஒங்க பைக்குல வாங்க” என்றாள். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னாள்.

ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டிப் போயிற்று. நான் பைக்கை வெளியே எடுத்து, ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். பிறகு நிறுத்தினேன். அவள் பின்னால் நான் போனால், புதிதாகப் போட்ட கண்ணாடியில் தெல்தெனிய வரை என்னைப் பார்த்துக்கொண்டே போவாள். பைக்கை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, டவுனுக்கு நடந்து இறங்கி, பஸ்ஸில் போனேன்.